அணைக்காத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் அடித்ததை கேசட்டில் சேமித்துவைத்த காலம். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் அந்த லாரி டிரைவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. தன் தம்பி ஆசைப்பட்ட மெமரி சிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, யார் மாட்டுவார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை தெரிந்த நான் முந்திக்கொண்டேன். "நான் வாரேண்ணே!"

அவர் வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு புரோகிராம் பாதி வரியில் நின்றது; அடுத்த எழுத்து விழவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. அதை அடித்துக்கொண்டிருந்த தம்பி, சாப்பாடு வாங்க மோட்டார் சைக்கிளில் போனவன், லாரியில் மோதி இறந்துபோனான். அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அவர் அணைக்கவே இல்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் அடிக்கடி அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். அழவில்லை.

"அணைச்சாத்தான் சிப்பு மாட்ட முடியும்ணே. அடிச்சது அழிஞ்சிரும். மொதல்ல கேசட்டுல ஏத்திக்கலாம், அப்புறம் போட்டா திரும்ப வந்துரும்லா."

"அவன் விட்ட எடத்துலயே இந்தக் கோடு மின்னுமா?"

"அது மின்னாதுண்ணே. எழுத்து மட்டுந்தான் வரும்."

"அப்ப வேணாம்லா."

"கரண்டு போனா?"

"அதுவா போனா போவட்டும். நான் அணைக்கமாட்டேன்."

திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று சாயங்காலமே மழை கொட்டி, எங்கள் பக்கம் கரண்டு போனது. அவர் வீட்டுப் பக்கம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.