வெல்வெட் மெத்தையில் ஒரு மடிக்கணினி

எகிப்தின் தும்யாத் நகரில் மரவேலை நடக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு தெருவில் அறுப்பார்கள், அடுத்ததில் இழைப்பார்கள், அதற்கடுத்ததில் பாலிஷ் நெடி மூக்கைத் துளைக்கும். அந்த ஊரில் உளியே பிடிக்காமல் செதுக்குவேலை செய்து பேர் வாங்கியவள் இன்ஷிராஹ். கட்டிலின் தலைப்பலகையில் புடைத்து நிற்கும் திராட்சைக் கொத்துகளையும் சுருண்ட இலைகளையும் அவள் கணினியில் வரைந்து கொடுப்பாள். பட்டறையில் இருக்கும் இயந்திரம் அதன்படி மரத்தைக் குடையும்.

முன்பெல்லாம் அவள் காகிதத்தில் பூ வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரங்கள் வந்த பிறகு, பிள்ளைகள் தூங்கும் மதிய வேளைகளில், சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோக்களைப் பார்த்தே இந்த வேலையைப் படித்துக்கொண்டாள். அதனால் மென்பொருளின் கருவிகள் பலவற்றுக்கு அவளுக்குப் பெயர் தெரியாது. எங்கே இருக்கின்றன, என்ன செய்யும் என்பது மட்டும் விரல்களுக்குத் தெரியும்.

அவளுடைய பழைய கணினி கிழடாகிவிட்டது. ஓர் இலையைத் திருப்பச் சொல்லிவிட்டு, அது திரும்புவதற்குள் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்துவிட்டு வந்துவிடலாம். அந்தச் சமயத்தில்தான் பட்டறை முதலாளி ஹாஜி அத்வா பெரிய வேலை ஒன்றைக் கொண்டுவந்தார். மயில் தோகை விரித்தது போன்ற தலைப்பலகை; இறகு இறகாகப் புடைக்க வேண்டும்.

"ஏம்மா இன்ஷிராஹ், வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், மதியத் தொழுகைக்கு முன்னாடி படம் என் மெஷின்ல இருக்கணும். புது டவுன்ல ஆபீஸ் வச்சிருக்கற பசங்க தினம் எனக்குப் போன் போடுறாங்க. நீ பிந்தினா இது மட்டுமில்ல, மொத்த வேலையும் அங்கதான் போகும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

ஹாஜியின் வேலை போனால் மற்றப் பட்டறைகளும் போய்விடும். அந்தத் தெருவில் அப்படித்தான். நல்ல வேளையாக அந்த மாதம் சீட்டில் அவள் முறை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, கணவன் ஷெஹ்தாவுடன் பக்கத்து நகரமான மன்சூராவுக்கு மைக்ரோபஸ் ஏறினாள்.

ஷெஹ்தா சோபாவுக்கு மெத்தை தைப்பவர். கடைக்காரன் முன்தஸிர், இவர்கள் ஊரைக் கேட்டதுமே சிரித்துவிட்டான்.

"தும்யாத்தா? அப்ப டீ சொல்லட்டுமா, இல்ல வயித்த லேசா வச்சிக்கிறீங்களா?"

தும்யாத்துக்காரர்கள் விருந்தாளியிடம் இப்படித்தான் கேட்பார்கள் என்று, அவர்களுடைய கஞ்சத்தனத்தை நாடே கேலி செய்யும். ஷெஹ்தாவும் விடவில்லை. "சொல்லுப்பா. உன் காசுன்னா நாங்க ரெண்டு குடிப்போம்."

கடை முழுக்க ஐரோப்பிய நிறுவனங்கள் சில வருடம் உழைக்கவிட்டுக் கழித்த மடிக்கணினிகள். முன்தஸிர் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். பொறியாளர்கள் வைத்திருக்கும் ரகம், செங்கல் கனம். ஷெஹ்தா அதன் மூடியை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, அது சோபா செய்யற பீச் மரமில்ல," என்றான் முன்தஸிர்.

"கனமா இருக்கு. கனமா இருந்தா ஏமாத்தாது."

இன்ஷிராஹ் தட்டவில்லை. திரை முழுவதையும் வெள்ளையாக்கிச் செத்த புள்ளி ஏதும் உண்டா என்று மூலை மூலையாகப் பார்த்தாள். எல்லா விசைகளையும் அழுத்தினாள். ஜெர்மன் எழுத்துகளின் பக்கத்தில் அரபி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அவன் சொன்னதை நம்பாமல் தானே திறந்து பார்த்தாள். பிறகு மெமரியைக் கூட்டச் சொன்னாள். வேகமான இன்னொரு டிஸ்க்கும் போடச் சொன்னாள். அவன் அடிமூடியைக் கழற்றி இரண்டு அட்டைகளைச் செருகினான்.

"கீபோர்டுக்கு அடியில இன்னும் ரெண்டு இடம் இருக்கே. அதையும் நிரப்பு."

"மேடம், யாரும் அங்க வரைக்கும் கேக்க மாட்டாங்க."

"மயிலுக்கு நிறைய இறகு இருக்குப்பா."

நிரப்பினான். திருகின் மேல் கடை ஸ்டிக்கரை ஒட்டி, அது கிழிந்தால் உத்தரவாதம் இல்லை என்றான். அங்கேயே அவள் மயிலைத் திறந்தாள். கழுத்தைத் திருப்பினாள். சொன்னவுடன் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஷெஹ்தா தன் மெத்தைக் கடையிலிருந்து ஒரு பரிசு கொண்டுவந்தார். வெட்டிக்கடைந்த கால்களுடன் ஒரு சின்னப் பீடம். நடுவில் தடிமனான ஸ்பாஞ்ச், அதன்மேல் கருஞ்சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பொன்னிறக் கயிறு. மடிக்கணினி அதில் இம்மியும் அசையாமல் பதிந்து உட்கார்ந்தது.

"வெறும் மேசையில அத வச்சா எனக்கே முதுகு வலிக்குது. இதுக்கு ஒரு அளவு எடுக்கலைனா நான் என்ன மெத்தைக்காரன்?"

அன்று மாலையே மயில் நொண்ட ஆரம்பித்தது. முதல் கால்மணி நேரம் பறக்கும். பிறகு விசிறி இரைந்து, இறகுகள் ஒவ்வொன்றாகத் தாமதிக்கும். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக மன்சூராவுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

"கிழட்டுக் கழுதைக்குச் சாயம் அடிச்சு வித்திருக்க!"

முன்தஸிர் ஸ்டிக்கரைப் பார்த்தான். கிழியவில்லை. கண்ணாடி மேசையில் வைத்துக் கனமான சோதனை ஒன்றை ஓடவிட்டான். ஒரு மணி நேரம் ஓடியும் குறை தெரியவில்லை.

"வீட்ல எங்க வச்சிருக்கீங்க?"

"மேசை மேலதான்."

அவள் பொய் சொல்லவில்லை. பீடம் மேசை மேல்தானே இருந்தது. அவன் தூசியை ஊதி, உள்ளே சூட்டைக் கடத்தும் பசையை மாற்றி, காசு வாங்காமல் அனுப்பிவைத்தான். வீட்டில் வெல்வெட்டில் உட்கார்ந்ததும் மயில் மறுபடியும் நொண்டியது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள். அறையைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் அவள் கணினியைச் சமையலறைப் பளிங்குத் திண்டில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு பக்கம் முலூகியாக் கீரை கொதித்தது, மறுபக்கம் மயில். அரைமணி, ஒருமணி ஆயிற்று, நொண்டவேயில்லை. சந்தேகம் வந்து அடியில் கைவிட்டுப் பார்த்தாள். கீழே இருந்த துவாரங்கள் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் திருகைக் கழற்றும்போது அந்தத் துவாரங்களை அவளே பார்த்தவள். புருஷன் தைத்த வெல்வெட் அழகில் அது மறந்துவிட்டது. மெத்தையில் துவாரங்கள் அடைபட்டதும், சூட்டில் கருகிவிடாமலிருக்கத்தான் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

இதை ஷெஹ்தாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. புதன்கிழமையும் சமையலறையிலேயே வேலை பார்த்தாள். சாப்பாட்டுக்கு வந்த ஷெஹ்தா வாசலில் நின்றார்.

"நான் செஞ்ச பீடம் அங்க சும்மா கிடக்கு. இது வெங்காயத்தோலுக்கு நடுவுல இருக்கு. பிடிக்கலைனா சொல்லியிருக்கலாமே, உம்மு நாதிர்." மகன் நாதிரின் அம்மா என்று அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"பிடிக்காம இல்ல. இங்க வாங்க. கைய இப்படி வைங்க."

அவர் கையைப் பிடித்துக் கணினியின் பின்பக்கம் வைத்தாள். அனல் காற்று அவர் உள்ளங்கையில் அடித்தது. பிறகு அடியில் வைத்தாள்.

"மூச்சு விடுதே!"

"அடியில இழுத்து, பின்னாடி விடுது."

அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. முகம் சுருங்கியது. "நான் அது மூஞ்சியில தலகாணிய வச்சு அமுக்கியிருக்கேன்," என்றார். சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார். பின்னால் கூப்பிட வாயெடுத்தவள், இறகுகள் இன்னும் பாதி மிச்சம் இருப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியத் தொழுகைக்கு முன்பே படம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது; மாலையில் இயந்திரம் முதல் பலகையைக் குடைந்து முடித்தது. ஹாஜி அத்வா மரத்தூளை ஊதிவிட்டு, ஓர் இறகின் நடுநரம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

"ரெண்டாவது கட்டிலுக்கும் நீயே வரஞ்சிரு," என்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது அவ்வளவுதான். வாங்குபவர்கள் அந்தக் கட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் வரை அந்தத் தெருவுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்தால் மேசை மேல் அதே பீடம். ஸ்பாஞ்ச் இல்லை, பொன் கயிறு இல்லை. நடுவில், கோடைக்கால நாற்காலிகளுக்குப் போடுவது போல, கண் கண்ணாகப் பிரம்புப் பின்னல். ஷெஹ்தா கணினியை அதில் வைத்து, அடியில் கைவிட்டுக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெல்வெட்ட என்ன பண்ணுனீங்க?"

அவர் பக்கத்திலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். கருஞ்சிவப்பு, ஓரத்தில் அதே பொன்னிறக் கயிறு.

"அணைச்சு வச்ச பிறகு போர்த்திவிடு. தூங்குறப்ப மூச்சு விடாதுதானே?"

"விடாது."

"நிச்சயமா?"

அவள் அணைத்தாள். அவர் மறுபடியும் பின்பக்கம் கையை வைத்து, காற்று நிற்கும் வரை காத்திருந்து, பிறகு போர்த்தினார்.