அத்தை சாப்பிட்ட சத்துப்பொடி

எனக்கு எட்டு வயதாகும்வரை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது அத்தையின் வயலின் வாசிப்பில்தான். கொசுவலைக்குள் பாதித் தூக்கத்தில் கிடந்து கேட்பேன். வலை லேசாக அசையும். நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன்.

அந்த வருஷம் அத்தையின் விரல் முட்டிகள் வீங்கின. வயலின் பெட்டிக்குள் போயிற்று. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த மாமி ஒருத்தி, தி. நகரில் வாங்கியதாக ஒரு சத்துப்பொடி டப்பாவைக் கொடுத்தாள். அதன்மேல் ஒரு பச்சை இலை; கீழே 'எலும்புக்குச் சத்து, அனைத்தும் மூலிகை' என்று ஒரு வரி. என்ன மூலிகை என்று எங்கும் போடவில்லை. அத்தை தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். ஒரே வாரத்தில் வயலின் வெளியே வந்துவிட்டது.

மாதம் ஆக ஆக அவளுடைய ஒட்டிய கன்னங்கள் உப்பி, முகம் முழு நிலவாக ஆயிற்று. அத்தை அழகாகிவிட்டாள் என்று பள்ளி ரிக்‌ஷாவில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

ஒருநாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் அப்பா டப்பாவையும் எடுத்துப் போனார்.

"ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நினைக்கிறேன். முகம் உப்பினது அதனாலதான். வேற என்னென்ன இருக்கோ, வித்தவனுக்கே தெரியாது," என்றார் டாக்டர். "இதை இனிமே தொடக் கூடாது. ஆனா சட்டுனு விட்டா ஆபத்து; அதுக்குப் பதிலா நான் தர்ற மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவோம்."

கடைக்காரனிடம் காட்டிக் கேட்பதற்கென்று அப்பா டப்பாவைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தார். தி. நகரில் தேடிப் போனபோது மாமி சொன்ன இடத்தில் கடையே இல்லை. அத்தைக்கு வலி திரும்பியது. எங்கள் காலைகள் ஊமையாயின.

ஒரு மத்தியானம், எல்லோரும் அசந்திருந்த நேரத்தில், நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்து அத்தையிடம் நீட்டினேன்.

"இது ஏதுடி?"

"அப்பா ஒளிச்சு வெச்சிருந்தார். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சாப்டு அத்தை. சாப்டா வாசிப்பியே."

மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேன் புட்டி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது கொல்லைக் குழாயடியில் நின்றிருந்தாள். பொடி முழுவதும் பழுப்பு நீராக ஓடிக்கொண்டிருந்தது.

லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, பார்த்துப் பார்த்துச் செலவழித்த கோடை அது. ஒரு சொம்பு அதிகமாக மொண்டாலும் திட்டுகிறவள் அத்தை. டப்பா காலியாகி, தண்ணீர் தெளிந்த பிறகும், எனக்கு முதுகைக் காட்டி, முந்தானையை முகத்தில் அழுத்தியபடி குழாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

"அத்தை, தண்ணி வீணாறது," என்று கெட்டிக்காரப் பெண்ணாக நினைவூட்டினேன்.