ஏறி ஓட்டும் மெசினும் மீராலெவ்வை காக்காவும்

மீராலெவ்வை காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற மரண அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் கடைப் பலகைகளில் பாதியைக் கழற்றியிருந்தேன். கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றவர்கள் அவருடைய கைராசியைப் பற்றியே கதைத்தார்கள். சம்மாந்துறை வயல்களில் நின்றுபோன எந்த அறுவடை மெசினும் அவர் கை பட்டால் ஓடும் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவரைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருந்தது. அன்றும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியின் அடக்கத்தலமான மையவாடி பெரியது. மாரி மழை விழுந்தால் கப்றுகளுக்கு நடுவே புல் இடுப்பளவுக்கு வளரும். தோளில் மாட்டும் மெசினால் அதை வெட்டிவந்தவர் காக்காதான். கட்டாரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், ஏறி இருந்து ஓட்டும் புல்வெட்டும் மெசின் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். தெரிவு செய்ய நிர்வாகசபை இரண்டு பேரைக் கொழும்புக்கு அனுப்பியது. ஒருவர் மெசின் தெரிந்த காக்கா. மற்றது நான். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவனைச் சபையில் சேர்த்தால் இப்படியும் நடக்கும்.

கடையில் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசின்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நான் ஒவ்வொன்றிலும் ஏறி இருந்து பார்த்தேன். ஆகப் பெரியதில் இருக்கை மெத்தையாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஒரு குழிகூட இருந்தது.

"இதுதான் காக்கா" என்றேன்.

"மகளுக்கு மாப்புள பாக்கப் போனாலும் நீ மாப்புளய உட்டுட்டு அவங்கட செற்றிக் கதிரயத்தான் பாப்பாய்" என்றார்.

பிறகு மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து மெசினின் அகலத்துக்குப் பிடித்தார். இரண்டு கப்றுகளுக்கு இடையில் எவ்வளவு வெளி என்று முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"முடிச்சத் தாண்டுது தம்பி. இது நடுவால போகா. அந்தச் சின்னத எடுப்பம்."

"தாறவரு பெரிசாத்தானே தாறன் எண்டாரு. சின்னதக் கொண்டு போனா ஊரு சிரிக்கும் காக்கா."

"ஓம், சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும்."

பெரியதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

மெசின் வந்த மறுநாள், அஸர் தொழுகைக்கு முன், ஆளில்லாத நேரம் பார்த்து ஓட்டிப் பழகினேன். முதல் வரிசையிலேயே ஒரு கப்றின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்டிருந்த மீசான் கட்டையை முறித்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த காக்கா ஏசவில்லை. முறிந்ததை எடுத்து மண்ணைத் தட்டினார். தொழுகை முடிந்ததும் அந்தக் கப்றில் அடக்கப்பட்டவரின் மகன் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"ஆரு எங்கட வாப்பாட மீசான முறிச்ச?"

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"நான்தான் மனே. கண் சரியாத் தெரியல்ல" என்றார் காக்கா.

அடுத்த கூட்டத்தில், காக்காவுக்கு வயது போய்விட்டது, இனி மையவாடி வேலை வேண்டாம் என்று முடிவானது. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று மாலையே மையவாடிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்க. உப்புக் காத்து" என்றார். பிறகு இரண்டு வருடம் ஒவ்வொரு ஜும்ஆவிலும் அவரைக் கண்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிட்டப் போவேன். மீன் விலையைக் கதைத்துவிட்டுத் திரும்புவேன்.

அவரை அடக்கி மூன்றாம் நாள் மீசான் முறிந்த கப்றுக்காரரின் மகன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"காக்கா இருக்கக்குள்ள இத ஏன் சொல்லல்ல? நான் ரெண்டு வருஷமா அவருக்கு ஸலாம் சொல்லல்லயே" என்றார் அவர்.

காக்காவை அறிந்தவர்களே, அவருக்குக் கடைசிவரை கண் நன்றாகத் தெரிந்தது. மீசானை முறித்தவன் நான். அவருக்கு நான் பட்ட கடனாக என்னிடம் மிஞ்சியிருப்பது, என்னால் அவருக்குக் கிடைக்காமல் போன அந்த இரண்டு வருட ஸலாம்.