கறிவேப்பிலைப் புழு

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முக்கொம்புக்கு அப்பால் கொள்ளிடக் கரையில் நாங்கள் நடத்திய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்கு அவர்தான் தலைவர். கழுத்தில் லென்ஸ் தொங்கும். எந்தப் புழுவைக் கண்டாலும் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்பார்.

எலுமிச்சை இலையில் காக்கை எச்சம்போல் ஒட்டியிருந்ததை நான் தட்டிவிடப் போனேன்.

“கைய எடுங்க! எச்சமில்லீங்க, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட குழந்தை அது!” என்று அதட்டினார்.

அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் மனைவி போன் செய்தார்.

“கறிவேப்பிலைச் செடி பூரா புழுவா? மாடிப்படிக்குக் கீழ மருந்து இருக்கு பாரு. நல்லா அடிச்சு விட்டுடு,” என்றார் இவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், கறிவேப்பிலையைத் திங்கிறதும் இதே புழுதானே?”

“இதேதாங்க,” என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. “அது வீட்டுச் செடி. இது சர்வே.”

சொல்லிவிட்டு மறுபடி மண்டியிட்டார். புழுவின் மேல் வெயில் படாமல் தன் தொப்பியைக் கழற்றிப் பிடித்தார். அந்தத் தொப்பியைப் பிடுங்கி ஆற்று மணலில் வீசலாம் போலிருந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பரிவு நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே அவரை மறந்திருப்பேன்.