தவசி எழுதாத கட்டுரை

கிருபாவதிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். இந்த வருடம் அவள் மேசையில் மூடியுள்ள பேனா ஒன்றுகூட மிச்சமில்லை. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் அவள் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர், நான் வேதியியல். இரண்டு துறைக்கும் ஒரே ஆசிரியர் அறை என்பதால் அவள் பட்ட பாட்டையெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

சுருளிப்பட்டிக்காரி அவள். அங்கே அவளுடைய அப்பா தவசிக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. மழை பிடித்தால் அந்த இலைகளில் வருகிற அடிச்சாம்பல் நோயைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தாள். காலையில் பந்தலுக்குள் குனிந்து இலை பறித்து, டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். எது சாப்பாட்டு டப்பா, எது நோய் டப்பா என்று எனக்கே சில நாள் பயமாக இருக்கும். ஆராய்ச்சியெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு கட்டுரை ஜூன் மாதத்துக்குள் ஓர் இதழில் ஏற்கப்பட வேண்டும். இல்லையென்றால் பதிவுக்காலம் முடிந்துபோகும், பட்டமும் போகும்.

நோயைப் பிடித்தவளால் கட்டுரையின் கடைசியில் வருகிற மேற்கோள் பட்டியலைத் தாண்ட முடியவில்லை. முதலில் அனுப்பிய இதழ் பட்டியலுக்கு எண் போடச் சொன்னது. அவர்கள் கட்டுரை வேண்டாம் என்றதும், அடுத்த இதழ் எண்ணை எடுத்துவிட்டு அகர வரிசையில் கேட்டது. ஆண்டு அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், இதழின் பெயர் சாய்ந்த எழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில். எல்லாம் செய்து அனுப்பினால், ஆசிரியர் பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி கூடாது, அரைப்புள்ளிதான் வேண்டும் என்று திரும்பி வந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"ஏன்டி, அந்த ஆளுக திராட்சயக் கண்ணுல பாக்கவே மாட்டாகளா? கமாவ எண்ணுறதுக்குத்தான் சம்பளமா?" என்றேன்.

"விடுங்கக்கா. இந்தத் தடவ சரியா வந்துரும்" என்றாள். சொல்லும்போதே பேனா மூடி ஒன்று விரிசல் விட்டது.

பட்டியல் ஒருவழியாகத் தேறியது. கட்டுரையைப் படித்து மதிப்பிடுகிறவரிடமிருந்து ஒரு மாதம் கழித்துக் குறிப்பு வந்தது. 'தவசி என்பவர் இதே கம்பம் பள்ளத்தாக்கில் இதே நோயைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டார். அவருடைய முறையையே இந்த ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்கிறார், பல வாக்கியங்கள்கூட அப்படியே இருக்கின்றன. இது திருட்டு.'

கிருபாவதி அதை என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது.

தவசி யார் என்று எனக்குத் தெரியும். அவளுடைய முதல் கட்டுரை வெளியான கதையும் தெரியும். அப்போது அந்த இதழின் இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவிடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், அதோடு சரி. எல்லோரும் செய்வதைப் போல அவளும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டாள். கட்டுரை 'தவசி, கே.' என்று வந்துவிட்டது. அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் தவசி சொன்னார், தவசி கண்டார் என்று எழுதினார்கள். பதிவில் இருக்கிற பெயர் இது இல்லை என்று பல்கலைக்கழகமும் அந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால்தான் இரண்டாவதில் 'கிருபாவதி, டி.' என்று சரியாகப் போட்டாள். சரியாகப் போட்டதற்குத்தான் இந்தத் திருட்டுப் பட்டம்.

தவசி என்பது நான்தான், அது என் அப்பாவின் பெயர் என்று எழுதினாள். ஆதாரம் கேட்டார்கள். அப்பா பெயரும் இருக்கிற ஆதார் அட்டையை அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதிய பதில் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்கு உச்சி எரிகிறது. 'அட்டையின்படி தவசி என்பவர் வேறொரு நபர் என்று உறுதியாகிறது. அந்தக் கட்டுரையைத் தாம் எழுதவில்லை என்று அவரே கையெழுத்திட்டுத் தரட்டும். அது வெளியான இதழிலும் பெயரைத் திருத்திவிட்டு வாருங்கள்.'

"ஒரு கையெழுத்துதான, வாங்கிட்டு வந்துரு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்ததில்லல்லக்கா. வந்து பாருங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடவே போனேன். வாசலுக்கு நேரே சுவரில், ஆணியடித்து, அந்த முதல் கட்டுரையின் முதல் பக்கம் லேமினேட் செய்து தொங்கியது. தவசி மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அந்தப் பக்கத்தில் இருக்கும் அவருடைய பெயர்தான். பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறார். திராட்சை ஏற்ற வருகிற கேரள வியாபாரி அதைப் படித்துவிட்டு, தவசிச் சேட்டன் பேரு வெளிநாடு வரைக்கும் போயிருக்கு என்று சொன்னதிலிருந்து, கம்பம் மார்க்கெட்டில் அவருக்கு சயின்டிஸ்ட் என்று பெயர். கேலியாகத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிருபாவதி அவரிடம் காகிதத்தை நீட்டினாள்.

"என்னன்னு எழுதியிருக்கு ஆத்தா?"

"இந்தக் கட்டுரைய நீங்க எழுதலன்னு எழுதியிருக்குப்பா."

"நான் எழுதுனேன்னு யாரு சொன்னா? எம்பேரு வந்திருக்குன்னுதான ஊருல சொன்னேன்?"

"அந்தப் பேரத்தான்பா எடுக்கணும்னு சொல்றாக."

அவர் என்னைப் பார்த்தார். படித்த பொம்பளை, நியாயம் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் சுவரைப் பார்த்தேன்.

"எந்தோட்டத்து எலதான? எம்பொண்ணுதான? அப்பன் பேரு இருந்தா அவுகளுக்கு என்ன நட்டமாம்?"

"எனக்குப் பட்டம் வராதுப்பா. நானே திருடுனேன்னு எழுதியிருக்காகப்பா."

அவர் பேனா கேட்டார். கிருபாவதி தன் பையிலிருந்து மூடியில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கட்டில் விளிம்பில் காகிதத்தை வைத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவராகவே எழுந்துபோய் லேமினேட் தாளைக் கழற்றி பீரோ மேல் கவிழ்த்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மே மாதக் கடைசியில் கட்டுரை ஏற்கப்பட்டது. முதல் கட்டுரையிலும் பெயர் மாறியது. கிருபாவதி புதிய கட்டுரையின் முதல் பக்கத்தை வண்ணத்தில் அச்செடுத்து, அதையும் லேமினேட் செய்து, இனிப்பு வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு சுருளிப்பட்டி போனாள். அந்த ஆணி சுவரில் அப்படியேதான் இருந்தது.

தவசி தாளை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பழகிய சொல் எங்கேயும் அகப்படவில்லை.

"எம்பேரு எங்கன ஆத்தா?"

கிருபாவதி தன் பெயரைத் தாண்டி, காற்புள்ளிக்குப் பிறகு நின்ற ஒற்றை எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தா, இங்கன. இந்த டி நீங்கதான்பா."

அவர் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். எழுத்து விரலுக்கடியில் மறைந்துபோனது. விரலை எடுத்து மறுபடி பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.