நான் கேட்ட மன்னிப்பு

என் மகள் நான்கு ஆண்டுகளாக இன்டீரியர் டிசைனராக இருக்கிறாள். ராயபுரத்தில் கடலோர அடுக்ககம் ஒன்றில் ஒரு சமையலறையை வடிவமைத்தாள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்க்ரூதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் இல்லாத நாளில், "பொம்பள சொல்றத கேட்டுகினு இருந்தா வேல முடியுமா சார்?" என்று கார்பென்டர் கேட்க, வீட்டுக்காரரும் சாதாரண ஸ்க்ரூவுக்குத் தலையாட்டிவிட்டார்.

ஏழே மாதத்தில் மேல் கபோர்டு பெயர்ந்து அடுப்பின்மீது விழுந்தது. மீன் வாங்க வாசலுக்குப் போயிருந்ததால் அவர் மனைவி தப்பினார். வீட்டுக்காரர் என் மகளை அழைக்கவில்லை, என்னை அழைத்தார். பதறிப்போய் அவளையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். கீழே கிடந்த பன்னிரண்டு ஸ்க்ரூவும் துரு. அதைக் காட்டி மகள் பேச வாயெடுத்ததும், "நீ சும்மா இரும்மா, பெரியவராண்ட பேசிகினு கீறேன்ல" என்றார் வீட்டுக்காரர். நானோ சண்டை வேண்டாமென்று, கூடிநின்ற அக்கம்பக்கத்தார் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அதே அடுக்ககத்தில் அவளுக்கு வரவிருந்த இரண்டு வேலைகளும் போயின. "அவங்க நைனாவே தப்புன்னு ஒத்துகினாரே" என்றார்களாம்.

இப்போதெல்லாம் அவள் வேலை குறித்து யார் அழைத்தாலும், அவளுடைய எண்ணைக் கொடுத்துவிட்டு போனை வைத்துவிடுகிறேன். அவள்தான் இன்னும் என்னிடம் வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.