டாக்டரம்மா காரின் குளிர்

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்து காபி டம்ளரை வாங்கியபோது அவர் கை என் விரலில் பட்டது. சில்லென்று இருந்தது. நெய்வேலியில் மே மாதத்தில் யாருடைய கையும் சில்லென்று இருக்காது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். தரையில் பாயை விரித்தால் பாயும் சுடும். கரண்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் எல்லா குவார்ட்டர்ஸிலும் ஃபேன் இரவு பகலாகச் சுற்றும், ஆனால் இருக்கிற சூட்டைத்தான் கலக்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கையைக் குளிர வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

“டாக்டரம்மா கார்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏசி நல்லாத்தான் ஓடுது. ஏன் பாதி வழியில நின்னு போகுதுன்னுதான் தெரியலை” என்றார்.

அவர் பவர் ஸ்டேஷன் கண்ட்ரோல் ரூமைக் குளிர வைக்கும் ஏசி பிளான்ட்டில் மெக்கானிக். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பெர்மனென்ட் ஆனவர். ஜெனரல் ஷிஃப்ட் என்பதால் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த மே மாதம் மட்டும் அவர் சைக்கிள் விளக்குப் போடும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா என்பவர் எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் பார்க்கும் டாக்டர். கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் வளைகுடா நாட்டில் வேலையாக இருந்தார். ஆபீசர்கள் இருக்கும் பிளாக்கில் மாமரம் வைத்த பங்களாவில் அந்தம்மா தனியாக இருந்தார். காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். அதுவே எங்கள் தெருப் பெண்களுக்குப் பெரிய பேச்சு. அந்தக் காருக்கு மெட்ராஸில் ஏசி வைத்துக்கொண்டு வந்ததும் பேச்சு இன்னும் பெரிதானது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தம்மா பஜார் வழியாகப் போகும்போது, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற நாங்கள் வேறு ஏதோ ஊரில் இருப்பதுபோல் தோன்றும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு விழுப்புரம் பக்கம். கொடியில் துணி காயப்போட்டபடியே கேட்டார்: “ஒங்க வூட்டுக்காரரு தெனம் அந்த டாக்டரம்மா வூட்டுக்கா போயிகினு இருக்காரு?”

“கார் ரிப்பேருக்குத்தான், அக்கா.”

“அது என்னாடி அது, தெனம் தெனம் ஆவுற ரிப்பேரு?”

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அவர் மனதில் அந்தக் கார்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு உறைத்ததும் அதுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவார். “கேஸ் லீக் இல்லை. மூட்டு மூட்டா சோப்பு நுரை வச்சுப் பார்த்துட்டேன், ஒரு குமிழி வரலை. பெல்ட் இறுக்கமா இருக்கு. வீட்டு வாசல்ல எஞ்சினை ஓட விட்டா எவ்வளவு நேரமானாலும் குளிருது. ரோட்டுல போனா, பண்ருட்டி தாண்டுனதும் போயிடுதாம். கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுட்டு எடுத்தா மறுபடியும் வருதாம்.”

“அப்படியா” என்பேன்.

“அந்தம்மா சொல்ற மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க. எப்ப ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம் இருக்கு, எதுக்கப்புறம் சரியாகுது, எல்லாம் வரிசையாச் சொல்றாங்க. நோயாளிகிட்டக் கேட்டுப் பழக்கம் பாரு.”

அவர் ஏசி பிளான்ட்டைப் பற்றி என்னிடம் பேசியதே கிடையாது. நானும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இவ்வளவு கேள்வியும் பதிலும் ஒரு மனிதருக்குள் இருந்து, அது எனக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டு வாசலில் போய் வெளியே வருகிறதே என்று பொருமினேன். அந்தம்மாவின் பீங்கான் கோப்பைகூட என் கண்ணில் நின்றது. நான் அதைப் பார்த்ததே இல்லை. “பீங்கான்ல டீ குடுத்தாங்க” என்று அவர் ஒரு தடவை சொன்னதுதான்.

ஒரு சனிக்கிழமை சொன்னார்: “நாளைக்கு அந்தம்மா மேல்பட்டாம்பாக்கத்துல அவங்க அம்மாவைப் பார்க்கப் போறாங்க. கூட வந்தா வழியிலேயே கண்டுபிடிச்சிடலாம்னு கூப்பிட்டாங்க.”

“யார் யாரு போறீங்க?”

“நானும் அவங்களும்தான். வேற யாரு?”

“நானும் வாரேன்.”

“நீ எதுக்கு? அங்க என்ன இருக்கு?”

“ஏன், எனக்குக் குளிரக் கூடாதா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டேன். ரிப்பேர் பார்க்கப் போகிற காருக்குப் பட்டுப்புடவையா என்று அவர் கேட்கவில்லை, பார்வையில் மட்டும் கேட்டார். டாக்டரம்மா வெள்ளையில் சின்னப் பூப் போட்ட வாயில் புடவையில் இருந்தார். எனக்கு உடனே என் பட்டு பிடிக்காமல் போனது.

“வாங்கம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க. சார் பின்னால இருக்கட்டும், சாமானெல்லாம் வச்சிருக்காரு” என்றார் அந்தம்மா. சந்தேகப்பட்டு வந்தவளை முன் சீட்டில் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள்? அந்த மரியாதையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏசி ஒரு தகரப் பெட்டி மாதிரி முன்பக்கம் என் முழங்காலுக்கு மேலே தொங்கியது. அதன் வாயிலிருந்து காற்று வந்தது. முதலில் முகத்தில், பிறகு கழுத்தில், பிறகு ரவிக்கைக்குள் வியர்வை காய்வது தெரிந்தது. இது நன்றாக இல்லை என்று எப்படியாவது நினைத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை. இவ்வளவு சுகத்தை அந்தம்மா தினமும் அனுபவிக்கிறார், என் கணவரும் பதினைந்து நாளாக அனுபவித்திருக்கிறார், எனக்கு மட்டும் ஃபேன். முந்தானை நுனியை அந்தப் பெட்டி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டேன். படபடவென்று அடித்தது.

காடாம்புலியூரில் பலாப்பழத்தை அடுக்கி வைத்துக்கொண்டு பெண்கள் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. டாக்டரம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

“எங்க அம்மாவுக்கு இழுப்பு இருக்குது. கரும்பு லாரி போற ரோடு, தூசி தாங்கல. கண்ணாடிய ஏத்தி வச்சு அழச்சிகினு வந்து எங்கூடவே வச்சிக்கலாம்னுதான் இதைப் போட்டதே. பாதி வழியில நின்னா அவங்களுக்கு மூச்சு முட்டிடும். அதான் இன்னும் அழச்சிகினு வரவே இல்ல.”

கையில் இருந்த முந்தானையைப் பார்த்தேன். அது இப்போது அடிக்கவில்லை. லேசாக ஆடியது. பண்ருட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சும்மா தொங்கியது.

“பாத்தீங்களா சார், ஆரம்பிச்சிடிச்சு. ஏசி போயிடுச்சு” என்றார் டாக்டரம்மா.

பின்னாலிருந்து அவர், “கேஸ்ல ஈரம் கலந்திருக்கணும். குழாய்ல எங்கயோ அடைக்குது” என்றார்.

நான் விரலைப் பெட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். “ஏங்க, காத்து சூடாகலை. வர்ற கொஞ்சமும் முன்னைவிடச் சில்லுன்னுதான் இருக்கு. காத்துதான் வரலை.”

“ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதே.”

“சத்தம் வருது. காத்து வரலை.”

அவர் பின் சீட்டிலிருந்து எக்கிப் பெட்டியின் வாயில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, “ஓரமா நிறுத்துங்கம்மா” என்றார். குரல் மாறியிருந்தது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். அவர் முன்பக்கம் வந்து, நான் இறங்கியதும் சீட்டில் முழங்காலை ஊன்றிப் பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே தகட்டு வரிசை தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் இருந்தது. ஐஸ். ஐஸ் பெட்டிக்காரன் மூடியைத் திறந்தால் ஓரத்தில் படிந்திருக்குமே, அப்படி. ஐஸ் அடைத்துக்கொண்டதால் காற்றுக்குப் போக வழியில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து கால் வைக்கும் இடத்தில் சொட்டியது. வண்டியை நிறுத்தி வைத்தால் ஏன் தானாகச் சரியாகிறது என்பது அப்போது எனக்கே புரிந்தது.

“குளிர் போதும்னா கம்ப்ரசரை நிறுத்துறதுக்கு ஒரு கம்பி இந்தத் தகட்டுக்குள்ள சொருகியிருக்கணும். இது வெளியில கிடக்கு பாருங்க. குளிர் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியலை, அது பாட்டுக்கு ஓடியிருக்கு. வாசல்ல நிக்கும்போது எஞ்சின் மெதுவா ஓடுறதால இவ்வளவு உறையலை” என்று சொல்லிக்கொண்டே, மீதி ஐஸ் கரைந்ததும் அந்தக் கம்பியைத் தகட்டுக்குள் ஆழமாகச் சொருகினார். வண்டியைக் கிளப்பிச் சிறிது தூரம் போனதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு ‘டிக்’. “கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடுது. இனி உறையாது” என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் தோளில் தட்டினார். “நாங்க ரெண்டு பேரும் இத்தன நாளாத் தேடிகினு இருந்தோம். நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க!”

நாங்கள் ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது முன்பென்றால் குத்தியிருக்கும். அன்றைக்குக் குத்தவில்லை. நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே டாக்டரம்மா தன் அம்மாவை நெய்வேலிக்கு அழைத்து வந்துவிட்டார். வார்டில் நர்ஸுகளிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு நர்ஸின் கணவர் ஏசி பிளான்ட்டில் இருந்தார். பிறகு கேட்க வேண்டுமா? “சார், சில்லர் மெஷின்ல ஒரு கோளாறு, வூட்டம்மாவக் கொஞ்சம் அனுப்பி வைங்க” என்று கேலி செய்திருக்கிறார்கள். அவர் என்னிடம் இதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். வீட்டில் அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், எழுந்து போனார். குழம்பு எப்படி இருக்கிறது என்றால், “இருக்கு” என்றார்.

அவருக்கு வந்திருப்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மே மாதத்தில் நான் வைத்துக்கொண்டிருந்த அதே பொருள்தான். அது இப்போது அவரிடம் போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரி. அவருடைய மருமகளுக்கு டாக்டரம்மாதான் பிரசவம் பார்த்தவர். அவரும் காருக்கு ஏசி வைத்திருந்தார். அதுவும் தகராறு செய்தது. ஆளை அனுப்பியிருந்தார். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்களாம். கிளம்பு.”

நான் கிளம்பினேன். இந்தத் தடவை நூல் புடவை. பஸ்ஸில் போகும்போதே என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வியாபாரியின் டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டு பண்ருட்டி ரோட்டில் ஓட்டினார். காற்று நன்றாக வந்தது, குளிர்ந்தது. திரும்பி வந்து வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது. டாக்டரம்மா காருக்கு நேர்மாறாக இருந்தது. காற்றின் வேகம் குறையவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். “காத்து வருது. சூடா வருது. கேஸ்தான் குறைஞ்சிருக்கு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் என்னை மறுக்கவில்லை. பானட்டைத் திறந்தார். குழாய்களில் ஒவ்வொன்றாகக் கையை வைத்தார். வைத்து எடுக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும்போது உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை வைப்போமே, அப்படி வைத்தார். பிறகு முன்னால் வந்து குனிந்தார். “ஒரு வாளி தண்ணி குடுங்க” என்றார்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சல்லடை மாதிரி இருந்தது. காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற இடம் அதுதானாம். அதன் மேல் குவளை குவளையாகத் தண்ணீரை ஊற்றினார். “இப்ப உள்ள போய்ப் பாரு” என்றார் என்னிடம். போய் உட்கார்ந்தேன். காற்று குளிர்ந்திருந்தது.

“முந்திரி வறுக்கிற கரியும் எண்ணெய்ப் புகையும் படிஞ்சு இது அடைச்சுக்கிட்டு இருக்கு. வண்டி ஓடும்போது எதிர்க்காத்து சூட்டை எப்படியோ தள்ளிக்கிட்டுப் போயிடுது. நின்னா சூடு வெளிய போக வழியில்லை” என்று வியாபாரியிடம் சொன்னார். பழைய பல் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வாங்கி வரிசை வரிசையாகத் தேய்த்தார். கறுப்பாக வழிந்தது. வியாபாரி, “கண்ணுல ஒத்திக்கிற மாதிரி வேலை செய்றாருங்க ஒங்க வூட்டுக்காரரு!” என்று என்னிடம் சொன்னார்.

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. அது டாக்டரம்மாமேல் வந்தது மாதிரியான பொறாமை இல்லை. அந்தக் கைமேல் வந்தது. நான் சொன்னதும் தப்பில்லை, கேஸ் குறைந்தாலும் சூடாகத்தான் வரும் என்று அவரே பிறகு சொன்னார். ஆனால் ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவர் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சிரித்துப் பேசினார். வியாபாரி கொடுத்த முந்திரிப் பருப்பை எடுத்து என் கையில் போட்டார்.

“குழாய்ல கை வச்சீங்களே, எந்தக் குழாய் எப்படி இருக்கணும்?” என்று கேட்டேன்.

“உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

“எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற?”

“உங்களுக்குத் தெரிஞ்சு நீங்க என்ன செய்றீங்க? அதேதான்.”

அவர் வாய்க்குள் போட்ட முந்திரியை மெல்லாமல் சற்று நேரம் வைத்திருந்தார். சிரிப்புப் போய்விட்டிருந்தது. மறுபடியும் முறுக்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். முந்திரிப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்து, பருப்பை இரண்டு வரிசையாக அடுக்கினார்.

ஒரு பருப்பைத் தொட்டு, “இது கம்ப்ரசர்னு வச்சுக்க” என்றார். “இதுலேருந்து வெளிய வர்ற குழாய் மெல்லிசா இருக்கும், தொட்டா சுடும்.”

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.